காட்டிக்கொடுப்பவர்களின் சினிமா: பிரெஞ்சு நுவார் ஓர் எளிய அறிமுகம்

1955இல் வந்த 'ரிஃபிஃபி' படத்தில் நான்கு திருடர்கள் பாரிஸ் நகைக்கடை ஒன்றின் மேல்மாடி வீட்டுக்குள் இரவில் புகுந்து, தரையைக் குடைந்து கீழே இறங்குகிறார்கள். ஏறக்குறைய அரைமணி நேரம் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பின்னணி இசையும் கிடையாது. முதலில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியே மூடிய குடையை விட்டு, கீழே அதை விரிக்கிறார்கள். உதிரும் காரை கடைத்தரையில் விழுந்து சத்தம் எழுப்பாமல் குடைக்குள் சேர்ந்துவிடும். அலாரத்தின் வாயைத் தீயணைப்புக் கருவியின் நுரையால் அடைக்கிறார்கள். எல்லாம் கச்சிதமாக முடிகிறது. ஆனால் நால்வரில் பெட்டி உடைக்கத் தெரிந்தவன், தனக்குப் பிடித்த பாடகிக்காக ஒரு மோதிரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறான். பிறகு நடப்பதெல்லாம் அந்த மோதிரத்தால் வந்த வினை.

பிரெஞ்சு நுவார் எனப்படும் இருண்ட குற்றப்படங்களைப் புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் மழைக்கோட்டையும் தொப்பியையும் சிகரெட் புகையையும்தான் முதலில் கவனிப்பார்கள். கவனிக்க வேண்டியவைதான். ஆனால் இந்தப் படங்களைப் பத்துப் பதினைந்து பார்த்த பிறகு எனக்குப் பட்டது வேறு. கொலையாளி யார் என்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. யாரும் அதை மறைக்க மெனக்கெடுவதில்லை. திரும்பத் திரும்ப வருகிற கேள்வி ஒன்றுதான்: நம் ஆட்களில் யார் போய்ச் சொன்னது? இந்தக் கட்டுரையும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறது. போகிற வழியில் சில படங்களின் முடிவைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கோபிக்க வேண்டாம். நாயகன் தப்ப மாட்டான் என்பது இந்த வகைப் படங்களில் முதல் காட்சியிலேயே எழுதி ஒட்டியதுபோல இருக்கும்.

பெயர் எங்கிருந்து வந்தது

'நுவார்' என்றால் பிரெஞ்சில் கருப்பு. ஜெர்மனி பிரான்சைப் பிடித்துவைத்திருந்த ஆண்டுகளில் அங்கே ஹாலிவுட் படங்கள் திரையிடப்படவில்லை. போர் முடிந்து 1946 கோடையில் அவை மொத்தமாகப் பாரிஸ் திரையரங்குகளுக்கு வந்து சேர்ந்தன. 'தி மால்டீஸ் ஃபால்கன்', 'டபுள் இண்டெம்னிட்டி', 'லாரா' போன்ற படங்களை அடுத்தடுத்துப் பார்த்த நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர், அந்த ஆகஸ்டில் எழுதிய கட்டுரையில் இவற்றை 'ஃபிலிம் நுவார்' என்றார். பல புத்தகங்களில் வரலாறு இந்த இடத்தில்தான் தொடங்கும்.

அதற்கு முன்பே, 1930களின் இறுதியில், பிரெஞ்சுப் பத்திரிகைகள் அதே சொல்லைத் தங்கள் நாட்டுப் படங்களுக்குப் பயன்படுத்தியிருக்கின்றன, பெரும்பாலும் வசையாக. நம்பிக்கையே இல்லாத, ஒழுக்கம் கெட்ட, நாட்டின் மனத்திடத்தைக் குலைக்கிற படங்கள் என்ற பொருளில். ஆக அமெரிக்க நுவாரைப் பார்த்துப் பிரான்ஸ் நகல் எடுத்தது என்று சொல்வது பாதி உண்மைகூட இல்லை. ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்த ஜெர்மன் திரைக்கலைஞர்கள் பலர் ஹாலிவுட் போவதற்கு முன் பாரிஸில் வேலை பார்த்தார்கள். ஒளிப்பதிவாளர்கள் ஓய்கன் ஷுஃப்டானும் கர்ட் கூரான்ட்டும் பிரெஞ்சு நடிகர் ழான் கபேனின் படங்களுக்கு ஒளி அமைத்தார்கள். இயக்குநர் ராபர்ட் சியோட்மாக் 1930களில் பெரும்பகுதியைப் பாரிஸில் கழித்தார். ழான் ரெனுவாரின் 'லா ஷியென்' (1931), 'லா பேத் யூமேன்' (1938) இரண்டையும் பின்னாளில் ஃப்ரிட்ஸ் லாங் அமெரிக்காவில் மறுபடி எடுத்தார். இரு கரைகளுக்கும் இடையே சரக்கு இரண்டு திசையிலும் போய்வந்துகொண்டிருந்தது.

பதிப்புத் துறையிலும் ஒரு விஷயம் நடந்தது. 1945இல் கலிமார் பதிப்பகத்தில் மார்செல் துவாமெல் 'செரி நுவார்' என்ற மலிவுவிலைக் குற்றநாவல் வரிசையைத் தொடங்கினார். தொடக்கத்தில் பீட்டர் சேனி, நம் ஊரிலும் ஒரு தலைமுறை விழுந்து விழுந்து படித்த ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் ஆகியோரின் மொழிபெயர்ப்புகள். பிறகு பிரெஞ்சுக்காரர்களே எழுத ஆரம்பித்தார்கள். ஆல்பேர் சிமொனான், ஒகுஸ்த் லெ ப்ரெத்தோன், ழோசே ஜொவானி என்று பாரிஸ் நிழலுலகின் கொச்சை மொழியைக் கரைத்துக் குடித்தவர்கள். ஜொவானி சிறையிலிருந்து வந்து எழுதத் தொடங்கியவர். 1950களின் முக்கியமான படங்கள் பல இந்தக் கருப்பு அட்டை நாவல்களிலிருந்து பிறந்தவை.

கபேனின் முகம், புறப்பட்டுப் போகும் கப்பல்

முதல் கட்டத்துக்கு ஒரு முகம் உண்டு என்றால் அது நடிகர் ழான் கபேனுடையது. அகலமான மூக்கு, எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாத பொறுமை, உழைத்துக் காய்த்த கை. 'லா பேத் யூமேன்' படத்தில் பாரிஸுக்கும் லெ ஆவ்ர் துறைமுகத்துக்கும் இடையே ஓடும் ரயிலின் எஞ்சின் டிரைவர். 'லெ கே தெ ப்ரூம்' (1938) படத்தில் காலனியப் படையை விட்டு ஓடிவந்த சிப்பாய். 'லெ ழூர் செ லேவ்' (1939) படத்தில் தொழிற்சாலையில் மணல் பீச்சி உலோகத்தைச் சுத்தம் செய்கிற தொழிலாளி. இவர்கள் யாருமே தொழில்முறைக் குற்றவாளிகள் இல்லை. அமெரிக்க நுவாரில் பேராசைதான் ஆளைக் கவிழ்க்கும். கபேனின் மனிதர்களைக் கவிழ்ப்பது ஒரு கணக் கோபம், அல்லது கொஞ்சம் நிம்மதியாக வாழ்ந்தால் தேவலை என்ற ஆசை.

காலச்சூழலைத் தெரிந்துகொண்டால் இது புரியும். 1936இல் இடதுசாரிக் கட்சிகள் சேர்ந்து அமைத்த மக்கள் முன்னணி அரசு, தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடுமுறையும் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் கொண்டுவந்தது. பெரும் எதிர்பார்ப்பு கிளம்பியது. 1938க்குள் அந்தக் கூட்டணி உடைந்தது, போர் வரப்போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த மனச்சோர்வுதான் இந்தப் படங்களின் மூடுபனி. விமர்சகர்கள் இதைக் கவித்துவ யதார்த்தவாதம் என்பார்கள். தெரு, தொழிற்சாலை, விடுதி எல்லாம் நிஜம்போல இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள் கலை இயக்குநர் அலெக்ஸாந்த்ர் ட்ரோனே கட்டிய செட்டுகள். பேச்சு தெருப்பேச்சுபோலவே ஒலிக்கும், ஆனால் எழுதியவர் கவிஞர் ழாக் ப்ரெவெர். (இவருடைய கவிதைகளை வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் 'சொற்கள்' தொகுப்பாகப் படித்தவர்கள், அந்த எளிமையை இந்த வசனங்களிலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.)

இந்தப் படங்களில் கப்பல் வந்தால் கவனியுங்கள். அதில் நாயகன் ஏறப்போவதில்லை. துவிவியே இயக்கிய 'பெப்பே லெ மோக்கோ' (1937) படத்தில் பாரிஸ் கொள்ளைக்காரன் ஒருவன் அல்ஜியர்ஸின் பழைய நகரமான காஸ்பாவின் சந்துகளுக்குள் பதுங்கியிருக்கிறான். போலீசால் உள்ளே வர முடியாது, அவனால் வெளியே போக முடியாது. பாரிஸிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பார்த்ததும் ஊர் நினைப்பு அவனைப் பிடித்துக்கொள்கிறது. சந்துகளை விட்டு இறங்கித் துறைமுகத்துக்கு வருகிறான். தகவல் சொன்னவள் அவனோடு வாழ்ந்த இனேஸ். கம்பிக் கதவுக்கு இப்பால் விலங்கோடு நின்று அவன் அந்தப் பெண்ணின் பெயரைக் கூவும்போது, கப்பலின் சங்கு அவன் குரலை விழுங்கிவிடுகிறது. 'லெ கே தெ ப்ரூம்' படத்திலும் வெனிசுவேலா போகும் கப்பல் நாயகன் இல்லாமல்தான் கிளம்புகிறது.

காட்டிக்கொடுப்பதை இவ்வளவு அசிங்கமாக வேறு எங்கும் காட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்க வைக்கும் காட்சி ஒன்று 'பெப்பே' படத்தில் இருக்கிறது. ரெஜி என்ற உளவாளி தன் துரோகம் வெளிப்பட்டதும் வியர்த்து நடுங்கிப் பின்வாங்குகிறான். முதுகு ஒரு தானியங்கி பியானோவில் முட்ட, அது தானாகக் குதூகலமான பாட்டை அடிக்கத் தொடங்குகிறது. அவனைச் சுடுவது அவனால் சாகக் கிடக்கிற இளைஞன். அந்தச் சந்தோஷ இசையோடுதான் கொலை நடந்து முடிகிறது.

'லெ ழூர் செ லேவ்' கதை சொல்லும் முறையில் ஒரு புதுமை. தொடக்கத்திலேயே கொலை. கொன்றவன் உயரமான கட்டடத்தின் உச்சி அறைக்குள் பூட்டிக்கொள்கிறான். கீழே போலீஸ். ஒரே இரவு. இடையிடையே ஃபிளாஷ்பேக்கில் அவன் எப்படி இங்கே வந்து சேர்ந்தான் என்று பார்க்கிறோம். அமெரிக்க நுவாரின் அடையாளமாகிப்போன இந்த உத்தி இங்கே 1939லேயே முழுமையாக இருக்கிறது. பிரான்ஸ் போரில் தோற்றதற்கே இந்தப் படத்தையும் 'லெ கே தெ ப்ரூம்' படத்தையும் இயக்கிய மார்செல் கார்னேயின் படங்கள்தான் காரணம் என்று, ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் ஆட்கள் குற்றம் சாட்டியதாகவும், புயல் வந்ததற்குக் காற்றழுத்தமானியைத் திட்டாதீர்கள் என்று கார்னே பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. திரைப்பட வரலாறுகளில் அடிக்கடி வரும்.

கடிதம் எழுதிய தேசம்

1940இல் பிரான்ஸ் வீழ்ந்தது. ஜெர்மானியர்கள் பாரிஸில் 'கான்டினென்டல்' என்ற பிரெஞ்சு மொழித் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள், தலைவர் ஆல்ஃப்ரெட் கிரேவன். ஆன்றி-ஜார்ஜ் க்ளூஸோ 'லெ கோர்போ' (1943) படத்தை எடுத்தது இந்த நிறுவனத்துக்காகத்தான். பிரெஞ்சு நுவாரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு படம் பார்க்க நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன், துப்பாக்கிச் சண்டை எதுவும் இதில் இல்லாவிட்டாலும்.

ஒரு சிற்றூர். 'காக்கை' என்று கையெழுத்திட்ட மொட்டைக்கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. முதலில் ஊர் டாக்டரைப் பற்றி, பிறகு எல்லோரைப் பற்றியும். யாருக்கு யாரோடு தொடர்பு, யார் எதைத் திருடினார்கள். சர்ச்சின் மேல்தளத்திலிருந்து ஒரு கடிதம் மிதந்து இறங்குகிறது, கூட்டம் அதையே அண்ணாந்து பார்க்கிறது. சிறிது காலத்தில் ஊரில் ஒவ்வொருவரும் மற்றவரைச் சந்தேகிக்கிறார்கள். 1917 முதல் சில ஆண்டுகள் த்யூல் நகரத்தை அலைக்கழித்த உண்மையான மொட்டைக்கடித வழக்குதான் இதற்கு வித்து. ஆனால் 1943இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது பழைய கதையாக இருந்திருக்க முடியாது. அக்கம்பக்கத்து யூதர்களையும், ஜெர்மானியரை எதிர்த்துப் போராடிய எதிர்ப்பியக்கத்தினரையும், தடைசெய்யப்பட்ட வானொலி கேட்டவர்களையும் பற்றி அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிப்போட்ட சாதாரணக் குடிமக்கள் அந்த நாட்டில் ஏராளம்.

படத்தின் நடுவே ஒரு காட்சி. முதிய மனோதத்துவ டாக்டர் தலைக்கு மேலே தொங்கும் விளக்கை ஆட்டிவிடுகிறார். ஒளியும் இருளும் இருவர் முகத்திலும் மாறி மாறி விழுகின்றன. ஒளி எங்கே, இருள் எங்கே, எல்லை எங்கே என்று கேட்கிறார். இளைய டாக்டர், விளக்கை நிறுத்தினால் போயிற்று என்று கை வைக்கிறார், விரல் சுடுகிறது. நுவார் படங்களின் ஒளி-நிழல் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அதற்கு அர்த்தமும் உண்டு என்று நேரடியாகக் காட்டிய காட்சி இது.

எல்லாத் தரப்பும் படத்தை வெறுத்தது. விஷி ஆதரவாளர்களுக்கு ஒழுக்கக்கேடு, எதிர்ப்பியக்கத்தினருக்கு பிரெஞ்சு மக்கள் மீதான அவதூறு. நாடு விடுதலையானதும் க்ளூஸோ படமெடுக்கத் தடை விதிக்கப்பட்டது. தடை நீங்கி 1947இல் 'கே தெஸ் ஒர்ஃபேவ்ர்' எடுத்தார். பாரிஸ் குற்றப்பிரிவுப் போலீசின் தலைமையகம் இருந்த தெருவின் பெயர் அது. லூயி ழூவே நடித்த இன்ஸ்பெக்டர், காலனிகளில் பணிபுரிந்து திரும்பிய களைத்த மனிதர், தனியாக ஒரு மகனை வளர்க்கிறார். அலுவலகம் குளிர்கிறது, தட்டச்சு இயந்திரம் தடக் தடக்கென்கிறது, சந்தேக நபர் நாற்காலியில் தூங்கிவிழுகிறார். அமெரிக்கப் படத்தின் துப்பறிவாளர் தனி ஆளாகத் திரிவார். இங்கே போலீஸ்காரர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா.

வயதான கொள்ளையர்கள்

1954இல் ழாக் பெக்கேர் இயக்கிய 'துஷே பா ஓ க்ரிஸ்பி' வெளிவந்தது. கபேன் மறுபடி வருகிறார், இப்போது ஐம்பதை நெருங்கியவர், மாக்ஸ் என்ற மரியாதையான கொள்ளைக்காரர். அவரும் நண்பன் ரிட்டோனும் ஓர்லி விமான நிலையத்தில் 5 கோடி ஃப்ராங்க் பெறுமான தங்கக்கட்டிகளைக் கொள்ளையடித்திருக்கிறார்கள். அந்தக் கொள்ளையைப் படம் காட்டுவதே இல்லை! எல்லாம் முடிந்த பிறகுதான் கதை தொடங்குகிறது. மாக்ஸுக்கு ஓய்வு வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். ரிட்டோன் பெருமைக்காகத் தன் இளம் காதலியிடம் தங்கத்தைப் பற்றி உளறுகிறான். அவள் இன்னொரு கும்பல் தலைவனிடம் சொல்கிறாள். கும்பல் தலைவனாக வரும் முன்னாள் மல்யுத்த வீரர் லினோ வெந்துராவுக்கு இதுதான் முதல் படம்.

மாக்ஸ் தன் ரகசிய வீட்டுக்கு ரிட்டோனை அழைத்து வருகிறார். ரொட்டித் துண்டுகள், பதமாக்கிய ஈரல், வெள்ளை ஒயின். இருவரும் உட்கார்ந்து மென்று சாப்பிடுகிறார்கள். பிறகு மாக்ஸ் நண்பனுக்கு மடித்த பைஜாமாவும் பல் துலக்கும் பிரஷும் எடுத்துக் கொடுக்கிறார். இருவரும் பல் துலக்குகிறார்கள். அவ்வளவுதான் காட்சி. துப்பாக்கி ஏந்திய மனிதர்களை இப்படி வீட்டுக்குள் வைத்துக் காட்டலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. ரிட்டோன் கண்ணாடியில் தன் கண்ணுக்குக் கீழே தொங்கும் தசையைத் தொட்டுப் பார்க்கிறான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு மாக்ஸ் அவனிடம் சொன்னதும் அதுதான்: நமக்கு வயதாகிவிட்டது, இன்னும் இளசுகளோடு இரவு முழுக்க ஆடிக்கொண்டிருக்க முடியாது.

எதிரிகள் ரிட்டோனைத் தூக்கிச்செல்ல, மாக்ஸ் தனியே உட்கார்ந்து அவனை மனசுக்குள் திட்டித் தீர்க்கிறார். இருபது வருஷமாக இவனால் எனக்குத் தொல்லைதான் என்று. பிறகு தங்கத்தை எடுத்துக்கொண்டு மீட்கப் போகிறார். அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட அவர் தயங்குவதில்லை. பிரெஞ்சு நுவாரின் மைய அறம் இதுதான் என்பேன். பணமா நண்பனா என்றால் நண்பன். கடைசியில் இரண்டுமே கிடைப்பதில்லை.

'ரிஃபிஃபி' இதே அறத்தைக் கொடூரமான பக்கத்திலிருந்து பார்க்கிறது. இயக்குநர் ஜூல்ஸ் டாஸன் அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் சக இயக்குநர்கள் இவர் பெயரைச் சொல்லிவிட, ஹாலிவுட்டின் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர். வேலையில்லாமல் பாரிஸில் இருந்தபோது குறைந்த செலவில் எடுத்த படம் இது, கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு பெற்றது. மோதிரத்தை எடுத்த சேசாரை எதிரிகள் பிடித்து மிரட்டியதும் அவன் நண்பனைக் காட்டிக்கொடுக்கிறான். தலைவன் டோனி அவனைத் தேடிவந்து, உன்னை எனக்குப் பிடிக்கும், ஆனால் விதி உனக்குத் தெரியுமே என்கிறான். சேசார் மறுக்கவில்லை. சுடப்பட்டுச் சாகிறான். இந்த சேசாராக வேறு பெயரில் நடித்தவர் டாஸனேதான். காட்டிக்கொடுக்கப்பட்டவர் காட்டிக்கொடுப்பவன் வேடத்தைப் போட்டுக்கொண்டார். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாத ஒன்று.

மெல்வில்

ழான்-பியேர் மெல்விலின் இயற்பெயர் க்ரும்பாக். யூதர். எதிர்ப்பியக்கத்தில் இருந்தபோது, தனக்குப் பிடித்த அமெரிக்க நாவலாசிரியரின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார், அதுவே நிலைத்தது. கௌபாய் தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் அணிந்து திரிவார். பாரிஸின் ழென்னேர் தெருவில் சொந்த ஸ்டூடியோ வைத்திருந்தார். ஹாலிவுட் மீது தீராத மோகம். ஆனால் அவர் படங்களில் ஹாலிவுட்டின் வேகம் துளியும் கிடையாது. ஒருவன் அறைக்குள் வருவான், கோட்டைக் கழற்றுவான், துப்பாக்கியைத் துடைப்பான், கண்ணாடி முன் தொப்பியின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிச் சரிசெய்வான். நாம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருப்போம். புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும் இடம் இது, மறைக்க வேண்டியதில்லை. எனக்கும் இரண்டாம் முறைதான் பிடிபட்டது.

'பாப் லெ ஃப்லாம்பர்' (1956) விளையாட்டுத்தனமானது. மோன்மார்த்ரின் விடியற்காலை, நரைத்த சூதாடி, தோவீல் சூதாட்ட விடுதியைக் கொள்ளையடிக்கும் திட்டம். அதிலும் ஒரு இளைஞன் படுக்கையில் உளறுகிறான், ஒரு மனைவி போலீசுக்குப் போன் போடுகிறாள். 'லெ தூலோஸ்' (1962) தலைப்பே கொச்சை மொழியில் தொப்பியையும் போலீஸ் உளவாளியையும் குறிப்பது. பெல்மோந்தோ நடித்த சிலியன் துரோகியா, உற்ற நண்பனா என்பதைப் படம் கடைசிவரை இழுத்தடிக்கிறது. அதில் போலீஸ் அலுவலக விசாரணை ஒன்று வெட்டே இல்லாமல் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட்டில் ஓடும். 'லெ தூசியெம் சூஃப்ல்' (1966) இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிறையிலிருந்து தப்பிய கூ என்பவனை, கேங்ஸ்டர்கள்போல வேடமிட்ட போலீஸ்காரர்கள் ஏமாற்றிக் கூட்டாளியின் பெயரை வாயிலிருந்து வரவழைத்து ஒலிநாடாவில் பதிந்துகொள்கிறார்கள். பிறகு அவனுக்குப் பணமும் வேண்டாம், தப்பிக்கவும் வேண்டாம். தான் காட்டிக்கொடுக்கவில்லை என்பது நான்கு பேருக்குத் தெரிந்தால் போதும். அதற்காகவே சாகிறான்.

பிறகு 'லெ சாமுராய்' (1967). அலென் தெலோன், கூலிக்கொலைகாரன் ழெஃப் கோஸ்தெலோ. முதல் பத்து நிமிடம் போல வசனமே இல்லை. சாம்பல் நிற அறை, கட்டிலில் புகைத்தபடி கிடக்கும் உருவம், கூண்டில் ஒரு சிறு பறவை. தொடக்கத்தில் சாமுராய்களின் தனிமை பற்றி ஒரு மேற்கோள் திரையில் வரும், புஷிடோ என்ற சாமுராய் நூலிலிருந்து என்று. அப்படி ஒரு வரி அந்த நூலில் கிடையாது, மெல்வில் தானே எழுதிக்கொண்டது. 'லெ செர்க்ல் ரூழ்' (1970) படத்தின் தொடக்கத்தில் வரும் புத்தர் வாசகமும் அவருடைய சொந்தச் சரக்குதான். இந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். 'லெ சாமுராய்' வண்ணப்படத்தை ஏறக்குறைய கருப்பு வெள்ளையாக உணரவைக்கிற ஒளிப்பதிவு ஆன்றி தெகாயினுடையது. அதைப் படமெடுத்துக்கொண்டிருந்த 1967ஆம் ஆண்டிலேயே ழென்னேர் தெரு ஸ்டூடியோ தீப்பிடித்து எரிந்தது.

மெல்வில் ஏன் காட்டிக்கொடுப்பை விடாமல் துரத்தினார் என்பதற்குப் பதில் 'லார்மே தெஸோம்ப்ர்' (1969) படத்தில் இருக்கிறது. இது கொள்ளைப் படம் அல்ல, எதிர்ப்பியக்கம் பற்றியது. ஆனால் அதே மழைக்கோட்டு, அதே தாழ்ந்த குரல், அதே ஒளிவிடங்கள். மார்செய் நகரில் ஒரு வாடகை வீட்டில், தங்களைக் காட்டிக்கொடுத்த இளைஞனைக் கொல்ல வருகிறார்கள். பக்கத்து வீட்டில் ஆள் இருப்பதால் துப்பாக்கி பயன்படுத்த முடியாது. கடைசியில் துண்டால் கழுத்தை நெரிக்கிறார்கள். செய்கிறவர்களுக்கும் இது முதல் முறை, ஒருவன் அழுகிறான். படத்தின் இறுதியில் அவர்களில் மிகத் திறமையானவளான மத்தில்தையே கொல்ல வேண்டிவருகிறது. ஜெர்மானியர்கள் அவள் மகளை வைத்து மிரட்டியிருக்கிறார்கள். அவள் உண்மையிலேயே வாய் திறந்தாளா, திறந்துவிடுவாளோ என்ற பயமா? மத்தில்தாக நடித்த சிமோன் சின்யோரே காரைப் பார்த்து நிற்கும் அந்தப் பார்வையை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இதைப் பார்த்துவிட்டுத் திரும்ப 'லெ தூலோஸ்' பார்த்தால் அது கேங்ஸ்டர் படமாகவே தெரியாது.

பெண்கள்

இந்தப் படங்களை எவ்வளவு நேசித்தாலும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. மேலே சொன்ன துரோகங்களைத் திருப்பிப் பாருங்கள். ஆண் உளறுகிறான், பெண் போய்ச் சொல்கிறாள். அமெரிக்க நுவாரின் மயக்கும் மங்கைக்காவது சொந்தத் திட்டம் ஒன்று இருக்கும். பிரெஞ்சுக் கேங்ஸ்டர் படங்களில் பெண் பெரும்பாலும் ஒரு தகவல் கசியும் ஓட்டை. கன்னத்தில் அறை வாங்குவாள், சில இடங்களில் அதைவிட மோசமாகவும். 'ரிஃபிஃபி' படத்தில் டோனி தன் முன்னாள் காதலியைப் பெல்ட்டால் அடிக்கும் காட்சியைப் படம் கண்டிப்பதாகத் தெரியவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. 'கே தெஸ் ஒர்ஃபேவ்ர்' படத்தின் புகைப்படக்காரி டோரா, தோழியை மௌனமாகக் காதலிக்கிறவள், 1947க்கு ஆச்சரியமான பாத்திரம். லூயி மால் தன் 25ஆம் வயதில் எடுத்த 'அசான்ஸர் பூர் லெஷஃபோ' (1958) படத்தில் ழன் மோரோ. முதலாளியைக் கொன்ற காதலன் லிஃப்ட்டில் மாட்டிக்கொள்கிறான், காவலாளி மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அவன் வராததைப் பார்த்து அவள் இரவெல்லாம் ஷான்ஸெலிஸே வீதியில் தனியே அலைகிறாள். தெகாய் அவளைக் கடைக் கண்ணாடிகளின் வெளிச்சத்திலேயே படம்பிடித்தார், கேமராவைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு. பெரிய நடிகையை ஒப்பனையும் விளக்கும் இல்லாமல் காட்டுவதா என்று அப்போது முணுமுணுப்பு. 1957 டிசம்பரில் மைல்ஸ் டேவிஸ் ஓர் இரவில், திரையில் ஓடும் காட்சிகளைப் பார்த்தபடி டிரம்பெட் வாசித்துப் பதிந்த இசை அவள் நடையோடு சேர்ந்துகொள்கிறது. படத்தைவிட இசைத்தட்டு அதிகம் பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அந்தக் காதலன் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போரிட்ட முன்னாள் பாராசூட் வீரன், முதலாளி ஆயுத வியாபாரி. கபேனின் காலனியச் சிப்பாய் முதல் ழூவேயின் இன்ஸ்பெக்டர் வரை பார்த்தால், பிரான்சின் காலனிகள் இந்தப் படங்களின் ஓரத்தில் எப்போதும் நின்றுகொண்டிருக்கின்றன. படங்கள் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது குறைவு.

எதிலிருந்து தொடங்கலாம்

1960களில் இந்த வகையைக் கேலி செய்யும் படங்களும் வந்துவிட்டன. ஒரு வகை தனக்கென விதிகள் கொண்டுவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. இயக்குநர்கள் கோதாரும் த்ரூஃபோவும் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். மெல்வில் 1973இல் இறந்தார். பிரான்சில் குற்றப்படங்கள் இன்றும் வருகின்றன, ஆனால் பார்வை வேறு. மெல்விலின் வாரிசு என்று சொன்னால் எனக்கு ஹாங்காங் இயக்குநர் ஜான் வூதான் நினைவுக்கு வருகிறார், அவரே அந்தக் கடனை ஒப்புக்கொண்டவர்.

காலவரிசைப்படி பார்க்க வேண்டாம். முதலில் 'ரிஃபிஃபி', கதை இழுத்துக்கொண்டு போகும். அடுத்து 'அசான்ஸர்', ஒன்றரை மணி நேரம்தான். 'க்ரிஸ்பி' மூன்றாவது, ஆனால் அந்தப் பைஜாமா காட்சியில் ஏதாவது நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். பிறகு 'லெ கோர்போ'. அதற்கு மேல்தான் மெல்வில். 'லெ சாமுராய்' பார்த்துச் சலித்துப்போனால் விட்டுவிட்டு 'லார்மே தெஸோம்ப்ர்' பாருங்கள். 1930களின் படங்கள் அதன் பிறகு இன்னும் நன்றாகத் திறந்துகொள்ளும். க்ளூஸோவின் 'லெ தியாபொலிக்' (1955) பற்றி நான் ஒரு வரிகூட எழுதாததைச் சிலர் கவனித்திருப்பீர்கள். முடிவை நண்பர்களிடம் சொல்லாதீர்கள் என்று படமே கடைசியில் எழுத்துப் போட்டுக் கேட்டுக்கொள்கிறது. இத்தனை துரோகிகளைப் பற்றி எழுதிவிட்டு நானும் அந்த வரிசையில் சேர விரும்பவில்லை.